யாருடைய கையெழுத்து?

அன்புள்ள டாக்டர் அம்மாவுக்கு,

என் மனைவிக்கு அடுத்த மாதம் இரண்டாவது பிரசவம். முதலாவது சிசேரியன், இதுவும் சிசேரியன்தான் என்று சொல்லிவிட்டார்கள். "அதோடு சேர்த்துக் குடும்பக் கட்டுப்பாடும் பண்ணிடலாமா?" என்று ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். நானும் அனுமதி கொடுத்து, கையெழுத்துப் போட்டுவிட்டேன். வீட்டுக்கு வந்தபின் மனசு கேட்கவில்லை. நானே ஏன் செய்துகொள்ளக் கூடாது? வேலைக்குப் போகிற ஆம்பளைக்கு எதற்கு இது என்று அம்மா அழுகிறார். உடம்பு தளர்ந்துவிடும், கனம் தூக்க முடியாது என்று நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள். எமர்ஜென்சி காலத்துப் பயம் ஆண்களிடம் இன்னும் போகவில்லை என்று நினைக்கிறேன். அரசு ஊக்கத்தொகையை உயர்த்தினால் நிலைமை மாறுமா? நான் செய்துகொள்ளலாமா?

எம்., திருச்சி

அன்புள்ள எம்.,

செய்துகொள்ளலாம். உடம்பு தளராது. விந்தணு வருகிற குழாயை மட்டும்தான் துண்டிக்கிறார்கள். ஆண்மைக்கான ஹார்மோன் ரத்தத்தோடு போவது, அதற்கும் இந்தக் குழாய்க்கும் சம்பந்தமில்லை. மரத்துப்போக ஊசி போட்டு, தையல்கூட இல்லாமல் அரைமணி நேரத்துக்குள் முடித்து அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஒரு வாரம் கனம் தூக்காமல் இருங்கள், அப்புறம் உங்கள் நண்பர்களையே தூக்கிக் காட்டலாம். மனைவிக்கு எப்படியும் வயிற்றைத் திறக்கிறார்கள், கூடவே கருக்குழாயையும் கட்டிவிட்டால் தனியாக ஓர் ஆபரேஷன் மிச்சம் என்ற வாதத்திலும் நியாயம் உண்டு. அதையும் மறைக்க மாட்டேன்.

ஆனால் தம்பி, உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். அம்மா அழுகிறார், நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள், ஆஸ்பத்திரியில் கேட்கிறார்கள். அரசு வருகிறது, இந்திரா காந்தி காலமே வருகிறது. உங்கள் மனைவி மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை. அவருக்கு என்ன விருப்பம்? கேட்டீர்களா?

எமர்ஜென்சிக்கு வருகிறேன். இந்தக் காரணத்தைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. நடந்தது கொடுமைதான், மறுக்கவில்லை. 1976-77 என்ற ஒரே நிதியாண்டில் அறுபது லட்சத்துக்கும் மேற்பட்ட ஆண்களுக்கு வாசக்டமி, அதாவது ஆண் கருத்தடை ஆபரேஷன், செய்தார்கள். பிடித்துக்கொண்டு போனார்கள், சம்பளத்தை நிறுத்துவேன் என்று மிரட்டினார்கள். அடுத்த தேர்தலில் அதற்கான பதிலும் கிடைத்தது. ஆனால் அதற்கு ஐந்தாறு வருடம் முன்னால், 1971 ஜூலையில், எர்ணாகுளத்தில் கலெக்டர் எஸ். கிருஷ்ணகுமார் நடத்திய ஒரே முகாமில் அறுபதாயிரத்துக்கு மேற்பட்ட ஆண்கள் செய்துகொண்டிருக்கிறார்கள். பணமும் பரிசுப் பொருள்களும் கொடுத்தார்கள், சரி. ஆனாலும் ஆண் வரிசையில் வந்து நின்றான் அல்லவா? அன்றைய அரசுத் திட்டமே ஆணைத்தான் முதலில் தேடிப் போனது. 1977-க்குப் பிறகு அரசியல்வாதிகள் ஆணின் பக்கம் போகவே பயந்தார்கள். திட்டம் அப்படியே பெண்ணின் பக்கம் திரும்பியது, இன்றுவரை அங்கேயே நிற்கிறது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில், மணமான பெண்களில் 37.9 சதவீதம் பேர் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். ஆண் செய்துகொண்டது 0.3 சதவீதம். தமிழ்நாட்டில் பெண்கள் கணக்கு இன்னும் அதிகம், 57.8.

ஆணின் பயத்துக்கு மரியாதை கொடுத்து ஓர் அரசுத் திட்டமே திசை மாறியது. பெண்ணின் பயத்துக்கு? 2014 நவம்பரில் சத்தீஸ்கர் பிலாஸ்பூர் பக்கத்து முகாமில் சில மணி நேரத்துக்குள் 83 பெண்களுக்கு ஆபரேஷன் செய்தார்கள். பத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். இப்படி முகாம் போட்டு ஆபரேஷன் செய்வதை மூன்று ஆண்டுக்குள் நிறுத்துங்கள் என்று 2016-இல் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. அதற்குப் பிறகும் பெண்கள் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். 'பிலாஸ்பூர் பயம் பெண்களுக்குப் போகவில்லை' என்று யாராவது உங்களிடம் சொல்லியிருக்கிறார்களா? எமர்ஜென்சி முடிந்து ஐம்பது வருடம் ஆகப்போகிறது. அப்போது நீங்கள் பிறந்தே இருக்க மாட்டீர்கள். பார்க்காத ஒன்றுக்கு ஏன் இவ்வளவு பயம்?

ஊக்கத்தொகை கிடக்கட்டும். இப்போதே ஆணுக்குத்தான் கூடுதல்.

நான் பதில் எழுத உட்கார்ந்ததே வேறொன்றுக்காக. "அனுமதி கொடுத்து" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வார்த்தை. உங்கள் மேல் மட்டும் கோபப்பட எனக்கு யோக்கியதை இல்லை. அந்த அனுமதியை இருபது வருடம் கேட்டு வாங்கியவள் நான்.

கருத்தடைக்குத் துணையின் சம்மதம் தேவையில்லை என்று மத்திய அரசின் வழிகாட்டு நெறியிலேயே இருக்கிறது. 1971-இன் கருக்கலைப்புச் சட்டமும் பதினெட்டு வயது நிரம்பிய பெண்ணின் சம்மதம் மட்டும் போதும் என்கிறது. அப்படியிருந்தும் "வீட்டுக்காரர் கையெழுத்து எங்கே?" என்பதுதான் நாங்கள் கேட்கிற முதல் கேள்வி. நாளைக்கு அவர் வந்து சண்டை போட்டால் என்ன செய்வது என்பது எங்கள் சமாதானம். ஃபார்மில் இடம் இல்லாவிட்டால் ஓரத்தில் கோடு போட்டாவது வாங்குவோம்.

1993-இல் வறண்ட பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றில் இருந்தேன். அப்போது இலக்கு முறை, மார்ச் முடிவதற்குள் இத்தனை ஆபரேஷன் என்று கணக்குக் காட்ட வேண்டும். மார்ச் வந்தால் ஜீப்பை எடுத்துக்கொண்டு ஆள் தேடுவோம். இந்தப் பெண் வந்தது ஜூன் மாதத்தில். மூன்று பிள்ளைகள், என்னைவிட நாலைந்து வயது இளையவள். தானாக வந்து, "எனக்குப் பண்ணி விட்டுருங்க டாக்டரம்மா" என்றாள். புருஷன் வடக்கே முறுக்குப் போடப் போயிருந்தார். கையெழுத்தோடு வா என்று அனுப்பிவிட்டேன். அவள் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். "வயிறு என்னுதுதானம்மா" என்றாள். நான் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டேன். மார்ச்சில் வந்திருந்தால் கையெழுத்தைப் பற்றி வாயே திறந்திருக்க மாட்டேன். இதை முப்பது வருடம் கழித்துச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

தீபாவளிக்கு வந்த புருஷன் கையெழுத்துப் போடாமலே திரும்பிப் போனார். அடுத்த ஆடியில் நான்காவது பிரசவத்துக்கு வந்தாள். ஹீமோகுளோபின் ஏழு. முகம் வெளிறி, பாதம் வீங்கி, படி ஏறவே மூச்சு வாங்கியது. ரத்தம் ஏற்ற ஜில்லா ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். நல்லபடியாகப் பெற்றுப் பிழைத்தாள். அதில் என் புண்ணியம் ஒன்றுமில்லை.

உடம்பு தேறி, சில மாதம் கழித்து மறுபடி என்னிடமே வந்தாள். இந்த முறை ஃபார்மை அவளே நீட்டினாள். இரண்டு கையெழுத்தும் இருந்தன, ஒரே ஊதா மசி. அவள் பெயரிலும் 'மு' உண்டு, அவர் பெயரிலும் உண்டு. இரண்டு 'மு'வும் ஒரே மாதிரி சுழித்திருந்தது.

"அவுக எப்ப வந்தாக?" என்று கேட்டேன்.

"நேத்து ராத்திரி வந்து போட்டுட்டு, விடியக் கருக்கல்ல போயிட்டாக" என்றாள். கண்ணை எடுக்காமல் என்னையே பார்த்தாள்.

நான் கீழே என் கையெழுத்தைப் போட்டேன். சிஸ்டர் ஏதோ சொல்ல வந்தார், தியேட்டரைத் தயார் பண்ணுங்கள் என்று அனுப்பிவிட்டேன். அதற்குப் பிறகும் பல வருடம் மற்ற பெண்களிடம் கையெழுத்துக் கேட்டேன் என்பதுதான் கேவலம். ஒரு நாளில் புத்தி வந்துவிடவில்லை எனக்கு.

உங்கள் கேள்வியை எங்கோ விட்டுவிட்டேன். மனைவியிடம் பேசுங்கள். பேசுவதென்றால், அம்மா அடுப்படியில் இருக்கும்போது அல்ல. 'எனக்கே பண்ணிடட்டும்' என்று அவர் சொன்னால் அதையும் கேளுங்கள். தியாகம் செய்தே தீருவேன் என்று நிற்க வேண்டாம். நீங்கள்தான் செய்துகொள்கிறீர்கள் என்று முடிவானால், நீங்கள் போட்ட கையெழுத்து செல்லாது என்று ஆஸ்பத்திரியில் முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள். பிரசவ அவசரத்தில் பழைய ஃபார்மைப் பார்த்துக் கட்டிவிடப் போகிறார்கள். ஆபரேஷன் முடிந்த உடனே பலன் வராது. மூன்று மாதம் வரை ஆணுறை வேண்டும், பிறகு விந்துப் பரிசோதனையில் அணு இல்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். இதை மறந்து, குழந்தை உண்டானதும் மனைவியைச் சந்தேகப்பட்ட ஒரு மகராசனை எனக்குத் தெரியும்.

இன்னொன்று. என் சர்வீஸில் வாசக்டமிக்கு வந்த ஆண்களை இரண்டு கை விரலில் எண்ணிவிடலாம். அவர்களில் ஒருவரிடமும் மனைவியின் கையெழுத்தை நான் கேட்டதில்லை. உங்களிடம் யாராவது கேட்டால் எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
டாக்டர் அம்மா