அந்த அம்மா சொன்ன சொல் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

எழுத வருவதற்கு முன் ஆறு ஆண்டுகள் புகார் பதிவுப் பிரிவில் வேலை பார்த்ததாக ஒருமுறை குறிப்பிட்டிருந்தீர்கள். அந்த ஒரு வரியை நம்பித்தான் இதை எழுதுகிறேன்.

நான் எட்டு மாதமாக அதே வேலையில் இருக்கிறேன். முதியவர்கள், அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள், நோயாலோ ஊனத்தாலோ இன்னொருவரை நம்பி வாழ்கிறவர்கள், இவர்களுக்குக் கொடுமை நடக்கிறது என்று வரும் அழைப்புகளை வாங்கிப் பதிவு செய்கிறேன். எங்கள் இடத்தில் இதை 'இன்டேக்' என்பார்கள். நான் யாரையும் போய்ப் பார்ப்பதில்லை. படிவத்தை நிரப்பி மேலே அனுப்புவதோடு என் பங்கு முடிந்துவிடும்.

மூன்று வாரம் முன்பு ஒரு பெண் அழைத்தார். பக்கத்து வீட்டில் ஒரு முதியவர் உறவினர் ஒருவருடன் இருக்கிறாராம். முன்பெல்லாம் மாலையில் வாசலில் உட்கார்ந்திருப்பார், இப்போது ஆளையே காணவில்லை, இரவில் கத்தல் கேட்கிறது என்றார். நான் எழுதி அனுப்பினேன். 'போதுமான விவரம் இல்லை' என்று மூடிவிட்டார்கள். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் சரியாக இல்லை. போன வாரம் ஒரு அம்மா தானே அழைத்து, மகன் பணத்தைப் பிடுங்கிக்கொள்கிறான் என்று அழுதார். பத்து நிமிடம் கழித்து, 'விடும்மா, எழுதாதே, பெத்த பிள்ளை' என்று வைத்துவிட்டார். என் அழைப்புகள் நீளமாகப் போகின்றன என்று சூப்பர்வைசர் வேறு சொல்கிறார்.

நான் வெறும் எழுத்தர்தானா? முடிவு எதுவும் தெரியாமல் இந்த வேலையை எப்படிச் செய்தீர்கள்?

எம்.

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள எம்.,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் பழைய ஹெட்செட்டின் அழுத்தம் காதில் மீண்டும் வந்தது. நீங்கள் 'வெறும்' என்று எழுதிய சொல்லிலிருந்தே தொடங்குகிறேன்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது ஆண்டில் ஒரு மாலை, ஒருவர் தன் மாடியிலிருந்து எதிர்வீட்டைப் பார்த்தபடியே பேசினார். அவர் சொன்னது இது: 'ரெண்டு நாளா அந்தக் கதவு வெளிய பூட்டியே இருக்கு. காலையில அந்த அம்மா ஜன்னல் வழியா கையை மட்டும் நீட்டி, தண்ணி தண்ணின்னாங்க.' நான் படிவத்தில் எழுதியது இது: 'தாயாரை மகன் சரியாகக் கவனிப்பதில்லை என்று பக்கத்து வீட்டார் தெரிவிக்கிறார்.' பிழையில்லாத, மரியாதையான வாக்கியம். அது அவசரமில்லாத அடுக்கில் போய் உட்கார்ந்தது. களப்பணியாளர் போனது நான்காம் நாள். அந்த அம்மா உயிரோடு இருந்தார், மருத்துவமனையில் சேர்த்தார்கள். திரும்பி வந்த களப்பணியாளர் என் மேஜைக்கு வந்து, 'பூட்டு பற்றி உங்களிடம் யாருமே சொல்லவில்லையா?' என்று மட்டும் கேட்டார். சொன்னார்கள். நான்தான் அதைச் சுருக்கிவிட்டேன்.

அன்றிலிருந்து எனக்கு இந்த வேலையின் பொருள் மாறியது. அழைப்பவர் பார்த்ததற்கும் நாளை அந்த வீட்டுக் கதவைத் தட்டப்போகிறவருக்கும் நடுவே இருப்பது உங்கள் வாக்கியம் ஒன்றுதான். 'கொடுமை', 'புறக்கணிப்பு', 'சரியாகக் கவனிக்கவில்லை' என்பதெல்லாம் நம் முடிவுகள். பூட்டும் கையும் தண்ணீரும்தான் தகவல். முடிவை யார் வேண்டுமானாலும் பிறகு எழுதிக்கொள்ளலாம். அழைத்தவர் வாயிலிருந்து வந்த சொல்லை அந்த நேரத்தில் பிடிக்காவிட்டால் பிறகு யாராலும் மீட்க முடியாது. எழுத்தர் என்றால் எழுத்தர்தான். ஆனால் அந்த எழுத்து எவ்வளவு பெரிய காரியம் என்பதை நினைத்துப் பாருங்கள்.

ஆகவே அவர்கள் சொன்னதை மேற்கோள் குறிக்குள், அவர்கள் பேச்சிலேயே எழுதுங்கள். கொச்சையாக இருந்தாலும் திருத்தாதீர்கள். கண்ணால் பார்த்தது, காதால் கேட்டது, வேறு யாரோ சொன்னது, அவராக நினைத்துக்கொள்வது, இந்த நான்கும் ஒரே வாக்கியத்தில் கலந்துதான் வரும். பிரித்துக் கேட்க வேண்டியது நம் பொறுப்பு. 'அடித்தாரா?' என்று கேட்டால் ஆம் என்றோ இல்லை என்றோ வரும். அந்த ஆம் உண்மையில் உங்கள் சொல், அவருடையது அல்ல. 'அப்புறம் என்ன நடந்தது?' என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். அந்த மௌனம் சங்கடமாக இருக்கும். அதற்குள்ளிருந்துதான் முக்கியமானது வரும்.

நேரம் பற்றிச் சூப்பர்வைசர் சொன்னதை முழுக்கத் தள்ளிவிடாதீர்கள். வரிசையில் காத்திருக்கும் அடுத்த அழைப்பு எப்படிப்பட்டது என்று நமக்குத் தெரியாது. அழைப்பு எந்த நொடியிலும் அறுந்துபோகலாம் என்று நினைத்துக்கொண்டு முதல் இரண்டு நிமிடத்தைச் செலவிடுவேன். அவர் எங்கே இருக்கிறார், இந்த நிமிடம் ஆபத்து உண்டா, கடைசியாக அவரை யார் எப்போது பார்த்தார்கள். பாதிக்கப்பட்டவரே பேசினால், எல்லாவற்றுக்கும் முன் ஒரு கேள்வி: 'பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா? ஆம், இல்லை என்று மட்டும் சொல்லுங்கள், போதும்.' நாங்கள் திரும்ப அழைத்தால் அந்தப் போனை யார் எடுப்பார்கள், அலுவலகத்தின் பெயரைச் சொல்லலாமா என்றும் கேட்டுவிடுங்கள். கவனமில்லாத ஒரு பதில் அழைப்பு அன்றிரவு அந்த வீட்டில் என்ன செய்யும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மாத்திரையை யார் கையால் வாங்கிச் சாப்பிடுகிறார், வங்கி அட்டை யாரிடம் இருக்கிறது, தானாக எழுந்து கதவைத் திறக்க முடியுமா, காது கேட்குமா, வீட்டில் நாய் உண்டா என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

பொய்ப் புகார் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் சொத்துத் தகராறில் ஒருவர்மேல் ஒருவர் புகார் சொல்லும் உடன்பிறப்புகளை இதற்குள் நீங்களும் பார்த்திருப்பீர்கள். சண்டைக்காரரும் சில சமயம் உண்மை சொல்வார். நம்புவதும் நம்பாமல் இருப்பதும் அந்த நாற்காலியின் வேலை அல்ல. யாராவது போய்ப் பார்க்க வேண்டுமா என்பது ஒன்றுதான் அங்கே கேள்வி.

சரி, அந்த அம்மாவுக்கு வருகிறேன். 'விடும்மா, பெத்த பிள்ளை.' இதை நான் எத்தனை முறை கேட்டிருப்பேன்! 60 வயதைக் கடந்தவர்களில் ஆறில் ஒருவர் ஓராண்டுக்குள் ஏதோ ஒரு வகைக் கொடுமையைச் சந்திக்கிறார் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 24 நிகழ்வுகளில் ஒன்றுதான் வெளியே சொல்லப்படுகிறது என்பதும் அவர்கள் தந்த கணக்குதான். மீதி 23க்குள் இந்த 'விடும்மா' நிறைய இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். மகன் போய்விட்டால் மருந்து எடுத்துத் தர யார் என்ற பயம் இருக்கிறது. தான் வளர்த்த விதத்தைக் குறை சொல்வார்களே என்ற வெட்கம் இருக்கிறது. அன்பும் இருக்கிறது, அதைப் பொய் என்று சொல்ல நமக்கு உரிமையில்லை.

இங்கே இரண்டு பக்கமும் கனமானது. நல்ல முடிவல்ல என்று பிறருக்குத் தோன்றுவதாலேயே ஒருவரை முடிவெடுக்கத் திறனற்றவர் என்று கருதக்கூடாது என்று இங்கிலாந்தின் 2005ஆம் ஆண்டு மனத்திறன் சட்டம் சொல்கிறது. நான் அதை மனதார ஏற்கிறேன். வயதாகிவிட்டது என்பதற்காக ஒருவருடைய 'வேண்டாம்' செல்லாக்காசு ஆகிவிடாது. ஆனால் அதே நாட்டில், அடுத்த ஆண்டே, கார்ன்வால் பகுதியில் கற்றல் குறைபாடுள்ள ஒரு மனிதர், நண்பர்கள் என்று சொல்லிக்கொண்டு அவர் வீட்டில் புகுந்தவர்களால் சித்திரவதை செய்யப்பட்டு இறந்தார். அதற்கு முன் அவரே சமூக நலத் துறையின் உதவியை வேண்டாம் என்று நிறுத்தியிருந்தார். ஏன் வேண்டாம் என்கிறார், யார் அப்படிச் சொல்ல வைத்தார்கள் என்று எவரும் கேட்கவில்லை என்பது பின்னால் வந்த ஆய்வறிக்கையில் இருக்கிறது.

அதனால் அந்த அம்மா 'எழுதாதே' என்றதையும் எழுதுங்கள். அழுததை எழுதுங்கள், எந்தக் கேள்விக்குப் பிறகு குரல் மாறியது என்பதை எழுதுங்கள், பின்னால் கதவுச் சத்தம் கேட்டதா என்பதையும். அவரிடமே மறைக்காமல் சொல்லிவிடுங்கள்: 'நீங்கள் அழைத்ததை நான் பதிவு செய்யாமல் இருக்க முடியாதும்மா. உங்களுக்கு இதில் விருப்பமில்லை என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.' ரகசியமாக வைத்துக்கொள்கிறேன் என்று மட்டும் ஒருபோதும் வாக்குக் கொடுக்காதீர்கள். காப்பாற்ற முடியாத வாக்கு அது. அப்புறம் அவர் வேறு யாரையும் நம்பமாட்டார்.

இப்போது அந்த முதியவர். மூடிய பதிவு என்றால் வீணாய்ப் போன பதிவு என்று நினைத்துத்தான் நீங்கள் தூக்கம் கெடுகிறீர்கள். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்துக்கு அருகே வின்டர்போர்ன் வியூ என்றொரு தனியார் மருத்துவமனை இருந்தது, கற்றல் குறைபாடும் ஆட்டிசமும் உள்ளவர்களுக்கானது. அங்கே நோயாளிகளுக்கு நடக்கும் கொடுமையை ஒரு மூத்த செவிலியர் நிர்வாகத்துக்கு எழுதினார், கண்காணிப்பு ஆணையத்துக்கும் தெரிவித்தார். ஆணையம் அதைத் தொடரவில்லை. கடைசியில் அவர் பிபிசியிடம் போனார். 2011 மே மாதம் ரகசியக் கேமராவில் பதிவான காட்சிகள் ஒளிபரப்பாகி, மருத்துவமனை மூடப்பட்டு, 11 ஊழியர்கள் தண்டிக்கப்பட்டார்கள். அந்த இடத்தைப் பற்றி அதற்கு முன்பே உள்ளூர் நிர்வாகத்துக்கும் காவல்துறைக்கும் தகவல்கள் போயிருந்தன. ஒவ்வொன்றும் தனித்தனிச் சம்பவமாகப் பார்க்கப்பட்டது. யாரும் அடுக்கிவைத்துப் பார்க்கவில்லை.

தனியாகப் பார்த்தால் எடையில்லாத ஒரு பதிவு, மூன்றாவது பதிவுக்குப் பக்கத்தில் வைத்ததும் வேறொன்றாகிவிடும். ஆனால் அடுக்க வேண்டுமென்றால் முதலாவது இருக்க வேண்டும், தேடினால் கிடைக்கும்படி, முகவரியும் பெயரும் சரியாக எழுதப்பட்டு. அதை நீங்கள் செய்திருக்கிறீர்கள். செய்ய வேண்டியது இன்னும் ஒன்று இருந்தது. 'ஆளையே காணவில்லை' என்றாரே, கடைசியாகப் பார்த்தது எந்த நாள்? கத்தல் என்றால் யார் குரல், என்ன சொல்? இவற்றைக் கேட்டிருந்தால் அது மூடப்படாமல் இருந்திருக்கலாம். உங்களைக் குத்திக்காட்ட இதைச் சொல்லவில்லை. எட்டு மாதத்தில் எனக்கும் இது தெரியாது. சூப்பர்வைசரிடம் போய், அந்தப் பெண்ணைத் திரும்ப அழைத்து இந்த இரண்டை மட்டும் கேட்கலாமா என்று கேளுங்கள். எங்கள் அலுவலகத்தில் அதற்கு இடமிருந்தது. கேட்காததால் பல நாள் எனக்கே அது தெரியாமல் இருந்தது.

முடிவு தெரியாமல் எப்படி இருந்தீர்கள் என்று கேட்டீர்கள். நன்றாக இருக்கவில்லை. முதல் ஆண்டில் களப்பணியாளர்களைப் பின்தொடர்ந்து என்னாயிற்று, என்னாயிற்று என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். சிலர் சொன்னார்கள், பலர் சொல்ல முடியாது என்றார்கள், அது அந்த வீட்டாரின் அந்தரங்கம் என்பதால். தெரிந்த முடிவுகளும் எல்லாம் ஆறுதலாக இல்லை. ஜன்னலில் கை நீட்டிய அந்த அம்மா பிறகு எங்கே போனார் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்தக் கை மட்டும் நினைவில் இருக்கிறது. கடினமான அழைப்பு முடிந்ததும் அடுத்ததை எடுக்காமல் ஐந்து நிமிடம் எழுந்து நடக்க அனுமதி வாங்கிக்கொண்டேன். பக்கத்து மேஜைக்காரரிடம் பெயர் சொல்லாமல் ஒரு நிமிடம் பேசிவிடும் வழக்கமும் வந்தது. தூக்கம் தொடர்ந்து கெட்டால் மனநல ஆலோசகரைப் பாருங்கள், நான் தாமதமாகத்தான் போனேன்.

அந்தப் பக்கத்து வீட்டுப் பெண் மறுபடி அழைக்கக்கூடும். அப்போது முதல் வரியிலேயே முந்தைய பதிவின் எண்ணை எழுதிவிட்டு, அதற்குக் கீழே அவர் சொல்வதைத் தொடங்குங்கள்.

அன்புடன்.