ஹோட்டல் விரிப்பின் ரகசியம் தண்ணீரில் இருக்கிறது

போன இதழில் வீட்டுக்கு விருந்தாளி வந்தால் கட்டில் விரிப்பது எப்படி என்று எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஹோட்டல் விரிப்பைப் பற்றியே கேட்டிருக்கிறீர்கள். கோவை ஹோட்டல்களில் விரிப்பு, துண்டு, உறையெல்லாம் வைத்துப் பார்த்துக்கொள்கிற லினன் ரூமில் பத்தொன்பது வருஷம் இருந்தவள் நான், இந்தப் பேச்சு எடுத்தால் எனக்கு நிறுத்தவே தோன்றாது. இந்த முறை ஐந்து கடிதங்கள்.

கேள்வி: அக்கா, கல்யாணத்துக்குப் போய் கோயமுத்தூரில் ஒரு ஹோட்டலில் தங்கினோம். விரிப்பு மொடமொடன்னு, சில்லுன்னு அப்படி இருந்தது. அதே மாதிரி வேணும்னு ஆன்லைனில் ஆயிரம் த்ரெட் கவுண்ட் விரிப்பு ஒன்று வாங்கினேன். வழவழன்னு கனமாக இருக்கு, ராத்திரி முதுகெல்லாம் வேர்க்குது. ஏமாந்துட்டேனா? (வாசகி, கோபிசெட்டிபாளையம்)

உன் தப்பு ஒன்றுமில்லை கண்ணு, அட்டையில் போட்ட நம்பர் அப்படி. த்ரெட் கவுண்ட் என்பது ஒரு சதுர அங்குலத்தில் நெடுக்கே ஓடும் பாவு இழை எத்தனை, குறுக்கே ஓடும் ஊடை இழை எத்தனை என்று எண்ணிக் கூட்டுவது, அவ்வளவுதான். அந்த ஓர் அங்குலத்துக்குள் எத்தனை இழையைத் திணிக்க முடியும்? ஒரு அளவுக்கு மேல் முடியவே முடியாது. அதனால் மெல்லிய இழைகள் மூன்று நான்கை முறுக்கி ஒரே நூலாக்கி நெய்துவிட்டு, அந்த ஒன்றை நான்காக எண்ணிப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். 250 அப்படித்தான் ஆயிரமாகிறது. துணி கனத்துப்போகும், காற்று உள்ளே போய் வர வழி இருக்காது, சித்திரை வெயிலில் அதன் மேல் படுத்தால் வேர்க்காமல் என்ன செய்யும்?

ஹோட்டலில் நீ படுத்தது பெரும்பாலும் 200இலிருந்து 300க்குள் இருக்கும். ஒற்றை இழை நூல், ஒன்று மேலே ஒன்று கீழே என்று நெருக்கிப் போட்ட சாதா நெசவு. பெர்கேல் என்பார்கள், அந்த மொடமொடப்பு அதில்தான் வரும். சாட்டின் நெசவில் இழை நாலைந்தைத் தாண்டித் தாண்டிப் போகும், அதனால் பளபளப்பும் வழவழப்பும் கிடைக்கும், ஆனால் கொஞ்சம் கதகதப்பு, நகமோ கொலுசோ பட்டால் இழுத்துக்கொள்ளும்.

கவுண்ட்டை விட நூலைப் பார். வீட்டில் யாராவது மில்லில் வேலை பார்த்திருந்தால் நூல் நம்பர் என்றால் என்ன என்று கேள், சொல்வார்கள்: 840 கஜம் நீளமுள்ள நூல் கழி, அதாவது நூல் சுற்று, எத்தனை சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை வருமோ, அது நம்பர். 40ஆம் நம்பரை விட 60ஆம் நம்பர் மெலிசு. அந்த மெலிசு நூல் அறுந்து போகாமல் இருக்கப் பருத்தியின் இழை நீளமாக இருக்க வேண்டும். குட்டை இழை என்றால் முனைகள் வெளியே நீட்டிக்கொண்டு, நாலு சலவையில் குட்டிக் குட்டி உருண்டையாகத் திரண்டு நிற்கும். நீள இழைப் பருத்தி என்றதும் எல்லோரும் எகிப்து எகிப்து என்கிறார்கள். 1970களில் நம் கோவையிலேயே உருவான சுவின் பருத்தி, சுஜாதா என்ற ரகத்தையும் செயின்ட் வின்சென்ட் என்ற ரகத்தையும் சேர்த்துச் செய்தது, உலகத்திலேயே மிக நீண்ட இழை ரகங்களில் ஒன்று. இதை நம் ஊர்ப் பிள்ளைகள் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

கேள்வி: வெள்ளைதான் சீக்கிரம் அழுக்காகும். அப்புறம் ஏனுங்க எல்லா ஹோட்டலிலும் வெள்ளை? (வாசகர், தாராபுரம்)

அழுக்கு தெரிய வேண்டும் என்பதற்காகத்தானுங்க. விருந்தாளி கதவைத் திறந்ததும் கட்டிலைத்தான் பார்க்கிறார், வெள்ளையில் ஒரு முடி கிடந்தாலும் கண்ணில் படும், படவில்லை என்றால் நம்பிப் படுப்பார். எங்களுக்கு வேறு வசதியும் உண்டு. வெள்ளையை எல்லாம் ஒரே மிஷினில் போடலாம், சூடு ஏற்றலாம், ப்ளீச் போடலாம், சாயம் போகுமே என்ற பயம் இல்லை. ஐந்து வருஷம் கழித்து ஐம்பது விரிப்பு புதிதாக வாங்கினாலும் பழையதோடு பொருந்தும். நீலம், ரோஸ் என்றால் அந்தச் சாயல் திரும்பக் கிடைக்காது. முன்பெல்லாம் பூப்போட்ட கனத்த மேல்விரிப்பு போடுவார்கள், அதை ஒவ்வொரு விருந்தாளிக்கும் துவைக்கிற வழக்கம் கிடையாது. 1999இல் அமெரிக்காவில் வெஸ்டின் ஹோட்டல்கள் கட்டில் முழுக்க வெள்ளையாகப் போட ஆரம்பித்தன, அதைப் பார்த்து மற்றவர்களும் மாறினார்கள்.

கேள்வி: எங்கள் வீட்டில் வாங்கும்போது பால் மாதிரி இருக்கும் விரிப்பு ஆறே மாதத்தில் பழுப்பாகிவிடுகிறது. பவுடர் கூடுதலாகப் போட்டும், சொட்டு நீலம் போட்டும் பிரயோஜனம் இல்லை. ஹோட்டலில் மட்டும் எப்படி? (வாசகி, பெருந்துறை)

உங்களுக்கு போர் தண்ணியாகத்தான் இருக்கும், சரிதானே? இந்தக் கேள்விக்குத்தான் நான் காத்திருந்தேன்.

முதலில் ஒன்று செய்து பாருங்கள். துவைத்துக் காய்ந்த விரிப்பை ஒரு பக்கெட் நல்ல தண்ணியில் முக்கி நாலு அலசு அலசுங்கள். நுரை வருகிறதா? அப்படியென்றால் சோப்பு போகவே இல்லை, துணியிலேயே தங்கியிருக்கிறது. உப்புத் தண்ணியில் இருக்கிற கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து பிசுக்காக நூலில் படியும், அதன் மேல் அழுக்கு ஒட்டும், நீங்கள் இன்னும் பவுடர் போடுவீர்கள், இன்னும் படியும். தண்ணியில் இரும்பு இருந்தால் மஞ்சள் கறையும் கூடவே வரும்.

நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் ஒரு கோடையில் இது நடந்தது. குழாய்த் தண்ணி குறைந்துபோய் லாரியில் போர் தண்ணி இறக்கினார்கள். தண்ணியை மென்மையாக்கும் டேங்கில் நேரத்துக்கு உப்பு போட்டு அலசிவிட வேண்டும், அதை ஒருவரும் கவனிக்கவில்லை. பத்தே நாளில் முந்நூறு விரிப்பும் சாம்பல் பூத்துவிட்டது. நாங்கள் பவுடர் கம்பெனியை மாற்றினோம், ப்ளீச்சைக் கூட்டினோம், நூல்தான் நைந்தது. கடைசியில் பாய்லர் பார்க்கிற அண்ணன் ஒருவர் டேங்கில் உப்பு போட்டுச் சரிசெய்த பிறகு நாலு சலவையில் பாதி வெள்ளை திரும்பியது, மீதி திரும்பவே இல்லை. அந்த விரிப்புகளை இனி உதவாது என்று ஒதுக்கி, கிழித்துத் துடைக்கிற துணியாக்கியபோது எனக்கு அழுகையே வந்தது.

ஹோட்டல் சலவை இப்படித்தான் நடக்கும். கறை பட்டதைத் தனியாகப் பிரிப்போம், துண்டை விரிப்போடு போடமாட்டோம், பஞ்சு ஒட்டும். முதல் தண்ணி பச்சைத் தண்ணிதான், ரத்தமோ பாலோ இருந்து சுடுதண்ணி பட்டால் கறை வெந்து நூலில் பிடித்துக்கொள்ளும். அப்புறம் காரமான பவுடரோடு சூடு. 65 டிகிரியில் பத்து நிமிஷம், இல்லையென்றால் 71 டிகிரியில் மூன்று நிமிஷம் துணி முழுவதும் அந்தச் சூட்டில் இருந்தால் கிருமி சாகும் என்பது தொழில் கணக்கு. அதன் பிறகு சூட்டைக் குறைத்து ப்ளீச், மூன்று அலசல், கடைசித் தண்ணியில் கொஞ்சம் அமிலம். பவுடரின் காரமும் ப்ளீச்சின் மிச்சமும் போகத்தான் அந்த அமிலம். அது போகாமல் இஸ்திரிக்குப் போனால் சூட்டில் துணி மஞ்சளாகிவிடும். இதெல்லாம் புதுசு என்று நினைக்காதீர்கள். உவர்மண் கரைத்த தண்ணியில் முக்கி, பானைகளை அடுக்கி, ராத்திரி முழுக்க ஆவியில் வைத்த வெள்ளாவியும் இதே வேலைதான், காரமும் சூடும். அதைச் செய்த கைகளுக்கு நாம் உரிய மரியாதை கொடுக்கவில்லை.

நெசவு தருகிற மொடமொடப்பு முழுசாக எழுவது எங்கே என்றால், ஈரத்தோடு தேய்ப்பதில். பிழிந்த விரிப்பைக் காயவைக்காமல் அப்படியே கேலண்டர் மிஷினுக்கு, அதாவது சூடான உருளையில் துணியைத் தேய்க்கிற மிஷினுக்குக் கொண்டுபோவோம். இரண்டு பேர், ஆளுக்கு ஒரு மூலை, ஓரத்தை விரலால் நீவி இழுத்துச் சூடான உருளைக்குள் விடுவார்கள், குப்பென்று ஆவி எழும்பி முகத்தில் அடிக்கும், அந்தப் பக்கம் விரிப்பு அப்பளம் மாதிரி காய்ந்து தட்டையாக வெளியே வரும். மூலையை ஒருவர் தளர்த்திப் பிடித்தால் போதும், குறுக்கே ஒரு சுருக்கம் விழுந்துவிடும், அதை மறுபடி நனைத்துத்தான் எடுக்க வேண்டும்.

நீங்கள் வீட்டில் செய்ய வேண்டியது: பவுடரைப் பாதியாகக் குறைத்து ஒரு ஸ்பூன் சலவை சோடா சேருங்கள். கை பொறுக்காத சூட்டில் அரை மணி நேரம் ஊறட்டும். ஓர் அலசலைக் கூட்டுங்கள், கடைசி அலசலையாவது நல்ல தண்ணியில், முடிந்தால் மழைத் தண்ணியில் செய்து, ஒரு மூடி வெள்ளை வினிகர் ஊற்றுங்கள். ப்ளீச் போட்ட அன்று வினிகர் கூடவே கூடாது, இரண்டும் சேர்ந்தால் விஷவாயு வரும். முழுசாகக் காயும் முன், லேசான ஈரத்தில் தேய்த்துவிடுங்கள்.

கேள்வி: பழனியில் சின்ன லாட்ஜ் வைத்திருக்கிறேன், பன்னிரண்டு அறை. மொட்டை போட்டுச் சந்தனம் பூசிக்கொண்டு வந்து படுக்கிறார்கள், தலையணை உறை தாங்கவில்லை. என்ன துணி வாங்கட்டும், எத்தனை? (வாசகர், பழனி)

தம்பி, பக்தர்களைத் தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது. உறையை மட்டும் விரிப்பை விட இரண்டு மடங்கு வாங்கி வையுங்கள். சந்தனம் பட்ட உறையை உடனே தண்ணியில் போடாமல், காயவிட்டுத் தட்டி உதறுங்கள், பாதி அப்போதே போகும். மஞ்சள் கறையில் சோப்பு பட்டால் சிவக்கும், பயப்பட வேண்டாம், காரம் பட்ட மஞ்சளின் குணம் அது. நன்றாக அலசி வெயிலில் போடுங்கள், வெயிலுக்கு மஞ்சள் நிறம் நிற்காது.

கலப்புத் துணி, அதாவது பருத்தியோடு பாலியஸ்டர், சீக்கிரம் காயும், சுருங்காது, நாள்பட உழைக்கும். ஆனால் தலை எண்ணெய் பாலியஸ்டரில் பிடித்தால் சுலபத்தில் விடாது, வாடை நிற்கும். அதனால் விரிப்பு கலப்பாக இருக்கட்டும், உறை முழுப் பருத்தியாக இருக்கட்டும் என்பேன். எண்ணிக்கை, கட்டிலுக்கு மூன்று செட்: ஒன்று கட்டிலில், ஒன்று சலவையில், ஒன்று அலமாரியில். தைப்பூசம், பங்குனி உத்திரம் கூட்டத்தைப் பார்க்கிற உங்களுக்கு நான்கு இருந்தால் நிம்மதி. அலமாரியில் இருப்பது ஒரு நாளாவது ஓய்வெடுத்தால் நூல் கூடுதல் நாள் வரும். முழுப் பருத்தி முதல் சில சலவையில் சுருங்கும், அளவு எடுக்கும்போது நாலைந்து அங்குலம் கூட்டிச் சொல்லுங்கள். கரூரில் மொத்தமாக வாங்கினால் தைத்தே கொடுப்பார்கள். முதலில் இரண்டே இரண்டு வாங்கி, பத்துத் தடவை துவைத்துப் பார்த்துவிட்டு மீதியைச் சொல்லுங்கள்.

கேள்வி: அப்பா சென்னிமலையில் தறி போடுகிறார். எங்கள் பெட்ஷீட் இவ்வளவு நன்றாக இருக்கும்போது ஹோட்டல்கள் ஏன் எங்களிடம் வாங்குவதில்லை? (வாசகி, சென்னிமலை)

உன் கேள்வி மனசில் தைக்கிறது சாமி. உங்கள் பெட்ஷீட்டில் குறை ஒன்றுமில்லை. எங்கள் வீட்டில் இருபது வருஷமாக ஒன்று கிடக்கிறது, இன்னும் ஓரம் பிரியவில்லை. ஆனால் ஹோட்டல்காரர் விரிப்பு வாங்கும்போது படுக்கிறவரை நினைப்பதற்கு முன்னால் சலவை மிஷினை நினைக்கிறார். தினமும் காரம், சூடு, ப்ளீச், உருளை. நல்ல வெள்ளை விரிப்பே நூறு நூற்றைம்பது சலவைக்கு மேல் தாங்கினால் பெரிசு. கட்டம் போட்ட, கரை வைத்த துணியை ப்ளீச்சில் போட முடியாது, கனமான துணி காயவும் நேரம் எடுக்கும். பவானி ஜமக்காளத்துக்கும் இதே நிலைமைதான்.

வழி இருக்கிறது. வெள்ளைக் கட்டிலில் கால் பக்கம் குறுக்கே ஒரு நிறத்துணி போடுகிறார்களே, பெட் ரன்னர், அதை தினமும் துவைப்பதில்லை, உடம்பு நேராகப் படுவதும் குறைவு. அங்கே உங்கள் கட்டமும் கரையும் அழகாக நிற்கும். அப்பாவிடம் இருபது அங்குல அகலத்தில், கட்டிலின் இரண்டு பக்கமும் ஒரு முழம் தொங்குகிற நீளத்தில் இரண்டு ரன்னர் நெய்யச் சொல். ஒன்றை அப்படியே வை. இன்னொன்றை இருபது தடவை துவைத்து, ஈரமாக இருக்கும்போதே வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பார், சாயம் ஒட்டக்கூடாது. ஒட்டவில்லையென்றால் அந்த இரண்டையும் அந்த வெள்ளைத் துணியையும் ஒரே பையில் எடுத்துக்கொண்டு, ஹோட்டல் முதலாளியிடம் போகாமல் அறைகளையும் விரிப்புகளையும் கவனிக்கிற ஹவுஸ்கீப்பிங் மேனேஜரைப் போய்ப் பார். காலை பதினோரு மணிக்கு முன்னால் வேண்டாம், அந்த நேரத்தில் அறைகள் காலியாகிக்கொண்டிருக்கும், அவருக்கு நிமிர்ந்து பார்க்கக்கூட நேரம் இருக்காது. மூன்று மணிக்குப் போ.