ஏலக்கா ரேட்டை ஒப்பிடும்போது ப்ரோலாக்ல டைப் எரர்

ப்ரோலாக்ங்கிற ப்ரோகிராமிங் மொழில, ஃபைல்ல இருந்து வந்த ரேட்ட நம்பர்_ஸ்ட்ரிங் (ஸ்ட்ரிங், அதாவது எழுத்தா இருக்கறத நம்பரா மாத்தற கட்டளை) போட்டு மாத்திட்டு அப்புறம் ஒப்பிடுங்க, அதுல முதல்ல நம்பர் ரெண்டாவது ஸ்ட்ரிங், அதே மாதிரி மாத்தற ஆட்டம்_நம்பர்ல இது அப்படியே தலைகீழ், நெறைய பேரு இங்கதான் மாட்டிக்கிறாங்க.

குமுளி கடை ஃபைல்ல இருந்து ஸ்ப்ளிட்_ஸ்ட்ரிங் வச்சு பிரிச்ச ரேட்டு 1200க்கு மேலயான்னு பாத்தா எரர் வருதுன்னு கேட்டிருந்தீங்க. எஸ்டபிள்யூஐ ப்ரோலாக்ல (ப்ரோலாக்ல ஒரு வகை) ஸ்ப்ளிட்_ஸ்ட்ரிங் எப்பவும் ஸ்ட்ரிங்காத்தான் குடுக்கும், கண்ணுக்கு 1250ன்னு தெரிஞ்சாலும் எழுத்துதான். ரைட்க்யூங்கிற கட்டளைல பிரிண்ட் பண்ணி பாருங்க, ரெண்டு பக்கமும் மேற்கோள் குறி வந்தா இதேதான் காரணம்.

நம்பரா மாத்தும்போது ரேட்டுக்கு முன்ன பின்ன ஸ்பேஸ் இருந்தா பரவால்ல, ஆனா ‘ரூ 1250’ன்னு இருந்தா எரரே காட்டாம ஃபால்ஸ்னு போயிடும், நம்ம பக்கம் கடைல அப்படித்தான் அடிக்கிறாங்க, அத கண்டிப்பா கவனிங்க.

லாட் நம்பர் 045 மாதிரி இருந்தா நம்பரா மாத்தவே மாத்தாதீங்க, 45 ஆயிடும், திரும்ப ஸ்ட்ரிங் ஆக்கினாலும் அந்த சைபர் வராது.