செப்டம்பர் வரை பொறுங்கள் தம்பி

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன் தம்பி, இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்கும் உதவும். படிப்பதற்காக ஆகஸ்ட் முதல் வாரமே கனடாவின் ஸ்கார்பரோ வந்து இறங்கிவிட்டீர்கள். கல்லூரி திறப்பது, இங்கே செப்டம்பரில் வரும் தொழிலாளர் தின விடுமுறை முடிந்து. ரூம்மேட் வேலை பார்க்கும் உணவகத்தில் ஆள் கேட்கிறார்கள், மணிக்கு 11 டாலர், கையில் காசு. லண்டனில் படிக்கும் நண்பர் வகுப்புக்கு முன்பே வேலைக்குப் போனாராம், சும்மா இருக்கும் நாளில் நானும் போனால் என்ன என்கிறீர்கள். கோவையில் விட்டுவந்த கம்பெனியும் இங்கிருந்தபடியே கொஞ்சம் வேலை முடித்துத் தரச் சொல்கிறதாம், அது சரிப்படுமா என்பது இரண்டாவது கேள்வி.

உணவகத்துக்குப் போகாதீர்கள். கோவை வேலையைச் செய்யலாம்.

ஸ்டடி பர்மிட், அதாவது இங்கே படிக்கக் கொடுத்த அனுமதித் தாளை எடுத்து நிபந்தனைகள் இருக்கும் பகுதியைப் பாருங்கள். கல்லூரிக்கு வெளியே வேலை செய்யலாம் என்று ஒரு வரி இருக்கும். அதைப் பார்த்துவிட்டுத்தான் நிறையப் பிள்ளைகள் 'அனுமதிதான் இருக்கிறதே' என்று கிளம்பிவிடுகிறார்கள். தகுதிகளை நிறைவு செய்தால் மட்டுமே என்பதும் அதே வரியில்தான் இருக்கிறது. அதில் முக்கியமான தகுதி, முழுநேர மாணவராகப் படிப்பைத் தொடங்கியிருக்க வேண்டும் என்பது. ஃபீஸ் கட்டியதும் ஐடி கார்டு வாங்கியதும் படிப்பைத் தொடங்கியதாக ஆகாது. 2024 நவம்பர் 8 முதல் வாரம் 24 மணி நேரம் வெளியே வேலை செய்யலாம் என்று ஆக்கினார்களே, அந்தக் கணக்கும் வகுப்பு தொடங்கிய பிறகுதான். விடுமுறையில் முழுநேரம் வேலை செய்யலாமே என்று ஒருவர் உங்களிடம் வாதாடலாம். இரண்டு பருவங்களுக்கு இடையில் வரும் விடுமுறைக்கே அந்தச் சலுகை. முதல் பருவத்துக்கு முந்தைய நாட்கள் அதில் சேராது. கல்லூரி வளாகத்துக்குள் கிடைக்கும் வேலைக்கும் இதே கதைதான்.

லண்டனில் இருக்கும் உங்கள் நண்பர் வகுப்புக்கு முன்பே வேலைக்குப் போனார் என்றால் அவர் பொய் சொல்லவில்லை. பிரிட்டனில் மாணவர் விசா செல்லுபடியாகத் தொடங்கிவிட்டால் அதற்கு இடம் உண்டு. அமெரிக்காவில் வளாகத்துக்குள் மட்டும், வகுப்புக்கு 30 நாள் முன்பிருந்து. ஆஸ்திரேலியாவில் கனடா மாதிரியே, படிப்பு தொடங்கும் வரை கூடாது. ஆளாளுக்கு ஒரு சட்டம், வாட்ஸாப் குழுவில் எல்லாம் ஒன்றாகக் கலந்து வருகிறது.

'சம்பளமே வேண்டாம், சும்மா பழகிக்கொள்ள வா, செப்டம்பரில் சேர்த்துக்கொள்கிறேன்' என்றும் சில முதலாளிகள் கூப்பிடுவார்கள். அதுவும் வேண்டாம். சம்பளம் வாங்கினால்தான் வேலை என்று இங்கே குடிவரவு விதி சொல்வதில்லை. இந்நாட்டு ஆள் ஒருவர் கூலிக்குச் செய்யக்கூடியதை நீங்கள் இலவசமாகச் செய்தாலும் அது வேலைதான். நண்பனின் கணக்கில் உணவு டெலிவரிக்குப் போவதும் அப்படியே, அதில் ஆள்மாறாட்டமும் சேர்ந்துகொள்ளும்.

யார் வந்து பிடிக்கப்போகிறார்கள் என்று ரூம்மேட் கேட்டிருப்பார். சமையலறைக்குள் அதிகாரி வந்து நிற்பது அபூர்வம்தான், ஒத்துக்கொள்கிறேன். சிக்கல் வருவது பிற்பாடு. படிப்பு முடிந்து வொர்க் பர்மிட்டுக்கு விண்ணப்பிக்கும்போது, கனடாவில் எப்போதாவது அனுமதியின்றி வேலை செய்தீர்களா என்று படிவத்தில் நேராகவே ஒரு கேள்வி இருக்கும். ஆம் என்றால் விளக்கம் எழுதி, முடிவு வரும்வரை தூக்கம் கெடும். இல்லை என்று எழுதிப் பின்னால் தெரியவந்தால் பொய்த்தகவல் என்ற குற்றம், ஐந்து வருடம் இந்த நாட்டுப் பக்கமே விண்ணப்பிக்க முடியாமல் போகலாம். மூன்று வாரக் காசுக்கு இது கட்டுப்படியாகுமா?

அந்த 11 டாலரையும் கொஞ்சம் பாருங்கள். ஒன்டாரியோவில் 2025 அக்டோபர் முதல் குறைந்தபட்சக் கூலியே மணிக்கு 17 டாலர் 60 சென்ட். எனக்குத் தெரிந்த ஒரு பையன் இப்படித்தான் ஓர் உணவகத்தில் பாத்திரம் கழுவப் போனான். இரண்டு வாரம் ஆனதும் 'அடுத்த வாரம் வா' என்றார்கள், அதற்கடுத்த வாரமும் அதையே சொன்னார்கள். புகார் கொடுக்கவும் பயம், விட்டுவிட்டான். கையில் காசு கொடுப்பவர்களுக்கு அந்தப் பயம்தான் லாபம்.

வகுப்பு தொடங்கும்வரை செய்ய நிறைய இருக்கிறது. முதலில் சின் நம்பர், இங்கே வேலைக்குச் சேரத் தேவையான சமூகக் காப்பீட்டு எண். சர்வீஸ் கனடா அலுவலகத்துக்கு பாஸ்போர்ட்டும் ஸ்டடி பர்மிட்டும் எடுத்துக்கொண்டு போனால் போதும், இல்லையென்றால் இணையத்தில் விண்ணப்பிக்கலாம். காசு கிடையாது, வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்பவரை நம்பாதீர்கள். நமக்குக் கொடுப்பது 9-இல் தொடங்கும், பர்மிட் முடியும் தேதியில் அதுவும் காலாவதியாகும். பர்மிட்டில் நான் சொன்ன அந்த வேலை வரி விடுபட்டிருந்தால் சின் கிடைப்பதிலேயே தகராறு வரும், முதலில் பர்மிட்டைத் திருத்த விண்ணப்பியுங்கள்.

அப்புறம் ரெஸ்யூமே. ஊரில் போடுவது போல் போட்டோ, அப்பா பெயர், பிறந்த தேதி, திருமணமாகாதவர் என்பதையெல்லாம் எடுத்துவிடுங்கள். கடை வேலைக்கு ஒரு பக்கம் போதும். மது பரிமாறும் இடங்களில் வேலை பார்க்க ஸ்மார்ட் சர்வ் சான்றிதழ் கேட்பார்கள், வீட்டிலிருந்தே படித்து எழுதலாம். கார் ஓட்டும் உரிமத்துக்கான முதல் படியான ஜி1 எழுத்துத் தேர்வையும் முடித்துவிடுங்கள். இப்போதே விண்ணப்பிப்பதிலும் இன்டர்வியூவுக்குப் போவதிலும் தவறே இல்லை. வகுப்பு தொடங்கும் தேதியைச் சொல்லி, அதற்குப் பிறகே சேர முடியும் என்று சொல்லிவிடுங்கள். பெரிய கடைகளுக்கு இது பழகிய விஷயம். எந்த நாள் முதல் வேலை செய்யலாம் என்று கல்லூரியின் சர்வதேச மாணவர் அலுவலகத்துக்கு மின்னஞ்சல் எழுதி, வரும் பதிலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

இனி கோவை வேலை. முதலாளி கனடாவுக்கு வெளியே, சம்பளமும் அங்கிருந்தே, வாடிக்கையாளர்களும் இங்கே இல்லை என்றால் குடிவரவுத் துறை அதைக் கனடா வேலையாக எடுத்துக்கொள்வதில்லை. வகுப்பு தொடங்கிய பிறகும் அந்த 24 மணி நேரத்தில் அது சேராது. ஆனால் வரித்துறை வேறு. இங்கே குடியிருப்பவராகக் கருதப்பட்டால் இந்தியாவில் வந்த வருமானத்தையும் கணக்கில் காட்ட வேண்டும். மாதாமாதம் எவ்வளவு வந்தது, அங்கே எவ்வளவு பிடித்தார்கள் என்று இப்போதிருந்தே குறித்து வையுங்கள், ஏப்ரல் 30-க்குள் வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது தேவைப்படும்.