முழங்கை வலிக்கு ஊசி போட்டுக்கொள்ளலாமா?

கேள்வி: வயது 46. துணி பிழிந்தாலோ, தோசைக்கல்லைத் தூக்கினாலோ வலது முழங்கையின் வெளிப்பக்கம் சுள்ளென்று வலிக்கிறது. மூன்று மாதமாகிறது. ‘டென்னிஸ் எல்போ’ என்று சொல்லி ஊசி போடச் சொல்கிறார்கள். போடலாமா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: அவசரப்பட வேண்டாம். முழங்கையின் வெளிப்பக்கம் தொட்டால் தட்டுப்படும் எலும்பு மேட்டில்தான், மணிக்கட்டை நிமிர்த்தும் தசைகளின் தசைநாண் (தசையை எலும்போடு இணைக்கும் நார்) பற்றியிருக்கிறது. எதை இறுகப் பிடித்தாலும் மணிக்கட்டு மடங்காமல் தாங்குவது அந்தத் தசைகள்தான். அதனால் மட்டையைத் தொடாதவர்களுக்கும், குறிப்பாக 35 முதல் 55 வயதுக்காரர்களுக்கு, இந்த வலி வருகிறது.

மாதக்கணக்கில் நீடிக்கும் வலியில் அழற்சியைவிட, தசைநாணின் இழைகள் நைந்து ஒழுங்கு குலைந்திருப்பதே பெரிய கோளாறு. ஸ்டீராய்டு ஊசி சில வாரம் வலியை அடக்கும். ஆனால் ஓராண்டு கழித்துப் பார்த்த ஆய்வுகளில், ஊசி போட்டவர்களைவிடப் போடாதவர்களே நன்றாக இருந்தார்கள். நைந்த தசைநாணைத் தேற்றுவது அளவான சுமைதான்.

முன்கையை மேசைமேல் படிய வையுங்கள். உள்ளங்கை கீழே பார்க்கட்டும், மணிக்கட்டு விளிம்புக்கு வெளியே இருக்கட்டும். அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைப் பிடித்து, இடது கையின் உதவியால் வலது மணிக்கட்டை மேலே உயர்த்துங்கள். பிறகு இடது கையை எடுத்துவிட்டு, 4 விநாடியில் மெல்லக் கீழே இறக்குங்கள். 15 முறை ஒரு சுற்று. ஒரு நிமிட இடைவெளி விட்டு, தினமும் 3 சுற்று. பத்துக்கு நான்கு என்ற அளவுக்குள் வலித்தால் பரவாயில்லை. மறுநாள் காலையில் வலி கூடியிருந்தால் பாட்டிலில் பாதித் தண்ணீர் போதும்.

மூன்று வாரம் செய்துவிட்டு, ‘பலனில்லை’ என்று நிறுத்துகிறவர்கள்தான் அதிகம். தசைநாணுக்கு ரத்த ஓட்டம் குறைவு. 12 வாரமாவது பொறுக்க வேண்டும். கையை அசைக்காமலே வைத்திருந்தாலும் அது பலமிழக்கும். இதற்கிடையே துணியைப் பிழியாமல் வடியவிடுங்கள். பாத்திரத்தை உள்ளங்கை மேலே பார்க்க, இரண்டு கையாலும் தூக்குங்கள்.

கேள்வி: குழந்தைக்கு மூன்று மாதம். தூக்கும்போது கட்டைவிரல் பக்கத்து மணிக்கட்டு உயிர் போகிற மாதிரி வலிக்கிறது. எனக்கும் ஊசி கூடாதா?
– வாசகி, ஈரோடு

பதில்: உங்கள் விஷயம் வேறு. கட்டைவிரலை விரிக்கும் இரண்டு தசைநாண்கள் மணிக்கட்டில் ஒரு குறுகிய உறைக்குள் ஓடுகின்றன. உறை தடித்து அவற்றை நெரிக்கிறது. இதன் பெயர் டி குவெர்வைன். கட்டைவிரலை உள்ளே மடக்கி மூடி, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கம் சாய்த்தால் கடுமையாக வலிக்கும்.

குழந்தையின் அக்குளில் கை கொடுத்துத் தூக்குவதை நிறுத்துங்கள். ஒரு கையைப் பிட்டத்துக்கு அடியிலும் மற்றதை முதுகிலும் கொடுத்து, முன்கையில் ஏந்துங்கள். கட்டைவிரலையும் சேர்த்துத் தாங்கும் பட்டையை 4 முதல் 6 வாரம் அணியுங்கள். தீராவிட்டால் உறைக்குள் போடும் ஊசி இதற்கு நன்றாகவே கேட்கும். தாய்ப்பால் கொடுப்பதை டாக்டரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: மூட்டை தூக்கும்போது முழங்கை மடிப்பில் ‘டப்’ என்று சத்தம். இப்போது அங்கே கன்றிப்போய், புஜத்தசை மேலே உருண்டு நிற்கிறது. எண்ணெய் போட்டு உருவலாமா?
– வாசகர், விருதுநகர்

பதில்: உருவவும் வேண்டாம், கட்டுப் போடவும் வேண்டாம். பைசெப்ஸ் தசைநாண் எலும்பிலிருந்து அறுந்திருக்கலாம். இன்றே எலும்பு மருத்துவரைப் பாருங்கள். அறுந்தது உறுதியானால், இரண்டு மூன்று வாரத்துக்குள் அறுவை சிகிச்சை செய்து திரும்பப் பொருத்துவது எளிது. நாளானால் அது சுருங்கி ஒட்டிக்கொள்ளும்; ஸ்குரூ திருகும் பலம் கையில் வெகுவாகக் குறைந்துவிடும்.