பதவிப் பட்டியலும் தீர்மானப் புத்தகமும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

தேசியமயமாக்கப்பட்ட வங்கி ஒன்றில் துணைப் பொது மேலாளராக ஓய்வு பெற்ற என் பெரியப்பாவின் எண்பதாவது பிறந்தநாளுக்கு ஒரு மலர் கொண்டுவருகிறோம். குடியிருப்போர் நலச் சங்கம், நூலகக் குழு, ஏரிப் பாதுகாப்புக் குழு ஆகிய மூன்றுக்கும் அவர் தலைவர். நான் எழுதிய கட்டுரையை இணைத்துள்ளேன். வங்கிப் பதவிகளை முதலில் சொல்வதா, பொதுப்பணியை முதலில் சொல்வதா? அவர் மாநகராட்சித் தேர்தலில் நின்றிருக்க வேண்டும் என்று நண்பர்கள் சொல்வது பற்றி உங்கள் கருத்து என்ன?

ஒரு வாசகர், அஸ்தம்பட்டி, சேலம்

அன்புள்ள நண்பருக்கு,

பெரியப்பா மீது உங்களுக்குள்ள பிரியம் கட்டுரையின் ஒவ்வொரு வரியிலும் தெரிகிறது. பெரியப்பாதான் எங்கும் தென்படவில்லை. 12 ஊர்கள், 7 பதவிகள், யார் யார் பொன்னாடை போர்த்தினார்கள் என்ற விவரம், அவ்வளவுதான். எதை முன்னால் வைப்பது என்பதைப் பக்கம் அமைப்பவரிடம் விட்டுவிடுங்கள். தேர்தல் அவரவர் விருப்பம்.

நான் பதில் எழுதக் காரணம், இந்தத் தலைமுறை வங்கி அதிகாரிகளைப் பற்றிச் சில காலமாகவே யோசித்துக்கொண்டிருக்கிறேன். சேலத்தின் பொதுவாழ்வில் முன்பு தலைமை தாங்கியவர்கள் பெரும்பாலும் வழக்கறிஞர்களும் வணிகர்களும் நிலக்கிழார்களும்தான். 1917 முதல் 1919 வரை நகராட்சித் தலைவராக இருந்த ராஜாஜியும் இங்கே வழக்கறிஞராகத் தொழில் நடத்தியவர். 1969 ஜூலையில் 14 வங்கிகள் நாட்டுடைமையாகி, அதே ஆண்டின் இறுதியில் மாவட்டத்துக்கு ஒரு வங்கி பொறுப்பேற்கும் முன்னோடி வங்கித் திட்டமும் வந்தபோது, நிலபுலமோ குலப்பெருமையோ துணையில்லாமல், கிணறு வெட்டவும் கறவை மாடு வாங்கவும் கடன் தரும் அதிகாரத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு ஊருக்குள் நுழைந்த ஒரு புதுவகை மனிதர் உருவானார். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றல் வந்துவிடும். அறுபது வயதில் அவர் சொந்த ஊர் திரும்பும்போது பக்கத்து வீட்டுக்காரருக்கே அவரைத் தெரியாது. சங்கத் தலைமை பலருக்கு ஊரோடு மறுபடி அறிமுகமாகும் வழியாக இருந்திருக்கிறது. அதில் தவறொன்றும் இல்லை. சிலர் மட்டும் கிளை மேலாளர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை என்பதுபோல உறுப்பினர்களுக்குச் சுற்றறிக்கை விட்டுக்கொண்டிருப்பார்கள்.

சர்வதேச வேளாண்மை வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு 1989-இல் தர்மபுரியில் தொடங்கிய மகளிர் மேம்பாட்டுத் திட்டம், பிறகு சேலம் மாவட்டத்துக்கும் வந்தது. அயோத்தியாப்பட்டணத்தை அடுத்த எங்கள் ஊரில் அமைந்த மகளிர் சுய உதவிக் குழுவுக்கு அம்மா ஊக்குநர், அதாவது குழுவை வழிநடத்துபவர். கடன் விண்ணப்பத்தைப் பார்த்துவிட்டுக் கிளை மேலாளர் ஒருநாள் நேரில் வந்தார். பெண்கள் சேமிப்புக் கணக்கைக் காட்டத் தயாராக இருந்தார்கள். அவர் கூட்ட முடிவுகளை எழுதிவைக்கும் தீர்மானப் புத்தகத்தைக் கேட்டார். அம்மா மஞ்சள் பையிலிருந்து எடுத்துக் கொடுத்த நீள நோட்டை மடியில் வைத்து, கடைசிப் பக்கத்திலிருந்து முன்னோக்கிப் புரட்டி, குழுவின் சேமிப்பிலிருந்தே உறுப்பினர்களுக்குத் தரும் உள்கடனை வாங்கியவர்களின் பெயர்களை மட்டும் விரல் வைத்துப் படித்தார். மாதாமாதம் அதே மூன்று பெயர்கள். “மத்தவங்களுக்குப் பணத்தேவையே வர்றதில்லையாம்மா?” என்று கேட்டார். பிறகு, கைநாட்டு வைத்திருந்த ஒரு கிழவியிடம் போன கூட்டத்தில் என்ன முடிவானது என்று விசாரித்தார். அந்த அம்மாளுக்கு ஒன்றும் தெரியவில்லை. உள்கடன் எல்லோர் கைக்கும் ஒரு சுற்று வரட்டும், மூன்று மாதம் கழித்து வருகிறேன் என்று சொல்லி, டீயைக் குடித்துவிட்டு அவர் கிளம்பிப் போனார். அன்றிரவு அம்மா அவரைத் திட்டிய திட்டு கொஞ்சநஞ்சமல்ல. அந்த மூன்று மாத இடைவெளியில்தான் கிழவிக்கு முதல் உள்கடன் கிடைத்தது, பேத்தியின் பள்ளிக்கூடச் செலவுக்காக. மேலாளர் சொன்னபடி வந்து, நோட்டை மறுபடி படித்துப் பார்த்துவிட்டுக் குழுவுக்குக் கடன் கொடுத்தார்.

அவர் எந்தப் பதவியில் ஓய்வு பெற்றார் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றியதும் இல்லை.

உங்கள் கட்டுரையில் பெரியப்பா கொடுத்த கடன் ஒன்றுகூட இல்லை. மறுத்த கடனும் இல்லை. முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் வங்கியில் இருந்தவரைப் பற்றி எழுதும்போது கடனை விட்டுவிட எப்படி மனம் வந்தது? ஏற்காட்டில் “சிறப்பாகப் பணியாற்றினார்” என்று எழுதியிருக்கிறீர்கள். ஏற்காட்டில் காப்பிப் பழம் கார்த்திகை வாக்கில் பறிப்புக்கு வந்து, காய்ந்து, விற்றுக் கையில் காசாக மாசி ஆகிவிடும். சிறு விவசாயிக்குத் தவணையை ஐப்பசியில் வைத்த மேலாளரும் பங்குனியில் வைத்த மேலாளரும் ஒருவரல்லர். முதலாமவருக்குக் கட்ட அந்த விவசாயி வட்டிக்காரரிடம் போயிருப்பார். உங்கள் பெரியப்பா எந்த மாதத்தில் வைத்தார் என்று கேளுங்கள். தலைமை அலுவலகம் அதற்கு என்ன சொன்னது என்றும் கேளுங்கள். யாருடைய சிபாரிசைத் தட்டிக்கழித்தார், அதனால் எந்த ஊருக்குத் தூக்கியடிக்கப்பட்டார், எந்தக் கடன் வராக்கடனாகி அவர் தூக்கத்தைக் கெடுத்தது என்றெல்லாம் கேளுங்கள். எண்பது வயதில் இவற்றைச் சொல்ல அவருக்கு ஆசை இருக்கும். கேட்கத்தான் ஆள் இருந்திருக்காது.

பொதுப்பணிக்கும் இதே கேள்விதான். நம் சேலத்து மூக்கனேரியில் 2010-இல் பொதுமக்கள் முன்னின்று தூர்வாரி, அள்ளிய மண்ணைக் கொண்டு ஏரிக்குள்ளேயே திட்டுகள் அமைத்து மரம் நட்டார்கள். அப்படியொரு வேலையில் பொக்லைன் வாடகை, டீசல், கன்று என்று பணம் கரைந்துகொண்டே இருக்கும், சந்தேகமும் கூடவே வளரும். அந்த இடத்தில் ரசீது இல்லாமல் பத்து ரூபாயைக்கூட ஏற்காத மனிதர் ஒருவர் தேவைப்படுகிறார். ஓய்வு பெற்ற வங்கிக்காரர் அதற்கென்றே பழகி வந்தவர். நீங்களோ “ஏரி காத்த ஏந்தல்” என்று தலைப்பிட்டிருக்கிறீர்கள். அதை அடித்துவிடுங்கள். குழுவின் வரவு செலவை அவர் அறிவிப்புப் பலகையில் ஒட்டினாரா, செயலாளர் முணுமுணுத்தபோதும் ஒட்டினாரா என்று விசாரித்து எழுதுங்கள்.

அச்சகத்தாரிடம் பத்து நாள் தவணை கேளுங்கள். ஒரு சாயங்காலம் பெரியப்பாவோடு உட்கார்ந்து, பேசவிட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். திருத்திய கட்டுரையை எனக்கும் அனுப்புங்கள். பொன்னாடைப் படங்கள் வேண்டாம்.

அன்புடன்,
ஆசிரியர்