வளைகாப்பு முடிந்து அம்மா வீட்டுக்குக் கிளம்பும் முன்: மனசுக்கு உதவி தேடுவது எப்படி?

கேள்வி: எனக்கு 29 வயது. திருப்பூரில் இருக்கிறோம். இப்போது ஏழாம் மாதம். இதற்கு முன் ஒருமுறை பத்தாவது வாரத்தில் கரு கலைந்துவிட்டது. ஒரு மாதமாக இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வந்தால் அப்புறம் தூக்கமே இல்லை. காரணமில்லாமல் அழுகை வருகிறது. குழந்தை பிறந்தபின் மொட்டை மாடியில் நின்று நானே கீழே போட்டுவிடுவேனோ என்று ஒரு காட்சி திரும்பத் திரும்ப வருகிறது. அதை யாரிடமும் சொல்லவில்லை. அழுகையைப் பற்றி மட்டும் செக்கப்பில் சொன்னேன், 'மாசமா இருந்தா அப்படித்தான்' என்றார்கள். நல்லதையே நினை என்கிறார் அத்தை. இந்த மாதக் கடைசியில் வளைகாப்பு, பிறகு மதுரையில் அம்மா வீடு. கவுன்சலிங் போகலாமா? யாரிடம் போவது? மாத்திரை கொடுத்தால் குழந்தைக்கு ஆகாதா?

பதில்: முதலில் அந்த மொட்டை மாடிக் காட்சியைப் பேசிவிடுவோம். கடிதத்தின் நடுவே ஒரே வரியில் எழுதிவிட்டுக் கடந்து போய்விட்டீர்கள். ஆனால் இரவு இரண்டு மணிக்கு உங்களை எழுப்பி உட்கார வைப்பதில் அதற்குப் பெரிய பங்கு இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

என்னிடம் வந்த ஒரு தாய், வீட்டில் இருந்த அரிவாள்மனையைப் பரணில் ஏற்றி வைத்திருந்தார். குழந்தை பிறந்த மூன்றாவது வாரத்திலிருந்து காய் நறுக்குவதே இல்லை. இன்னொருவர் பிள்ளையைக் குளிப்பாட்டும் வேலையைத் தன் அம்மாவிடம் முழுதாகக் கொடுத்துவிட்டார். 'தண்ணிக்குள்ள அமுக்கிடுவேனோன்னு பயமா இருக்கு' என்பதைச் சொல்ல அவருக்கு நான்கு சந்திப்புகள் ஆயின. இருவருமே பிள்ளை மேல் உயிரை வைத்திருந்தவர்கள். கனடாவில் நடந்த ஓர் ஆய்வில், புதிதாகத் தாயானவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் தங்கள் கையாலேயே குழந்தைக்குத் தீங்கு நேர்வது போன்ற வேண்டாத எண்ணம் வந்ததாகச் சொன்னார்கள். காவல் காக்கும் மனசு, நடக்கக் கூடாததையெல்லாம் முன்கூட்டியே படம் போட்டுப் பார்க்கிறது. உங்களுக்கு ஏற்கெனவே ஒரு கரு கலைந்திருக்கிறது. அதனால் அந்தக் காவல் இன்னும் கூர்மையாக இருக்கலாம். காட்சி வரும்போது உடம்பு நடுங்குகிறது, அது வேண்டாம் என்று தோன்றுகிறது என்றால் அது ஆசையல்ல, பதற்றம். பதற்றத்துக்கு நல்ல சிகிச்சை இருக்கிறது.

இதிலிருந்து முற்றிலும் வேறான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பிரசவத்துக்குப் பின், பெரும்பாலும் முதல் இரண்டு வாரங்களுக்குள், ஆயிரம் பேரில் ஒருவர் இருவருக்குத் தீவிர மனநோய் வரும். தூக்கமே இல்லாமல் பரபரவென்று இருப்பார்கள், யாரோ பேசுவது கேட்கும், குழந்தையைப் பற்றி விபரீதமான ஒன்றை உறுதியாக நம்புவார்கள், பேச்சு முன்னுக்குப் பின் முரணாகும். தாங்கள் நம்புவது உண்மைதானா என்ற சந்தேகம் அவர்களுக்குப் பெரும்பாலும் இருக்காது. இது அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய அவசரம், 108-ஐ அழைக்கத் தயங்கவே கூடாது. உங்களுக்கோ, உங்கள் அம்மாவுக்கோ, அக்கா தங்கைக்கோ இருமுனை மனநோய் (அளவு மீறிய உற்சாகமும் ஆழ்ந்த சோர்வும் மாறி மாறி வருவது) இருந்திருந்தாலும், முந்தைய பிரசவத்தில் யாருக்காவது இப்படி வந்திருந்தாலும் இப்போதே உங்கள் பிரசவ மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

சரி, கவுன்சலிங் போகலாமா? போக வேண்டும். பிரசவம் ஆன மூன்றாம் நாள் நான்காம் நாள் வரும் அழுகை பெரும்பாலானவர்களுக்கு உண்டு, இரண்டு வாரத்துக்குள் தானாகவே அடங்கிவிடும். உங்களுடையது அந்த வகை அல்ல. குழந்தை பிறக்கும் முன்பே, ஒரு மாதமாக, தூக்கத்தையும் சேர்த்துக் கெடுத்துக்கொண்டிருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, வளரும் நாடுகளில் கர்ப்ப காலத்திலேயே நூற்றுக்குப் பதினைந்து பேருக்கு மேல் மனநலப் பாதிப்பு வருகிறது. 'மாசமா இருந்தா அப்படித்தான்' என்று சொல்லி அனுப்பியது எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஆனால் அந்த ஒரு பதிலை வைத்துக் கதவு மூடிவிட்டது என்று நினைக்காதீர்கள். இருபது பேர் வரிசையில் நிற்கும் இடத்தில் 'அழுகையா வருது' என்ற ஒரு வரி காதில் விழாமல் போகும். அடுத்த செக்கப்பில் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: 'நாலு வாரமா ராத்திரி ரெண்டு மணிக்கு மேல தூக்கம் இல்ல. தினமும் அழுறேன். பயமுறுத்துற எண்ணம் வருது. போன தடவை கரு கலைஞ்சிருக்கு. மனநலப் பிரிவுக்கு எழுதிக் கொடுங்க.' எத்தனை நாள், எத்தனை மணி நேரம் என்று அளவோடு சொன்னால் மருத்துவர் நிமிர்ந்து பார்ப்பார். சொல்ல வாய் வராவிட்டால் தாளில் எழுதிக் கொடுங்கள். ரத்தசோகை, தைராய்டு பரிசோதனையும் கேளுங்கள். இரண்டுமே சோர்வையும் மனநிலை மாற்றத்தையும் உண்டாக்கக்கூடியவை.

அங்கே பத்துக் கேள்விகள் கொண்ட ஒரு தாளைக் கொடுக்கலாம். பிரசவகால மனச்சோர்வைக் கண்டறிய உதவும் எடின்பரோ அளவுகோல் அது, 1987-இல் உருவானது. தமிழ் வடிவமும் இங்குள்ள தாய்மார்களிடம் சோதித்துச் சரிபார்க்கப்பட்டது. கடந்த ஏழு நாட்களில் எப்படி இருந்தீர்கள் என்று மட்டும்தான் கேட்கும். மதிப்பெண்ணை வைத்து நீங்களே எந்த முடிவுக்கும் வராதீர்கள். ஆனால் பத்தாவது கேள்வி, தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் பற்றியது. அதற்கு மட்டும் பக்கத்தில் யார் இருந்தாலும் உண்மையான பதிலை எழுதிவிடுங்கள்.

யாரிடம் போவது என்பதில் மக்கள் ரொம்பவே குழம்புகிறார்கள். மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். முடித்து மனநல மருத்துவம் படித்தவர், மாத்திரை எழுதுவார். மருத்துவ உளவியலாளர் பேச்சுவழிச் சிகிச்சை தருபவர். அவருக்கு இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு எண் இருக்க வேண்டும், அதைக் கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. 'கவுன்சலர்' என்ற பலகையை மட்டும் யார் வேண்டுமானாலும் மாட்டிக்கொள்ளலாம் என்பதால் படிப்பைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். செலவு யோசனையாக இருந்தால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் புறநோயாளிகள் பிரிவுக்குப் போங்கள். திருப்பூரிலும் உண்டு, மதுரை ராஜாஜி மருத்துவமனையிலும் உண்டு. எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லை என்றால் 14416-ஐ அழையுங்கள். மத்திய அரசின் 'டெலி மானஸ்' சேவை அது, 2022 அக்டோபரில் தொடங்கியது. கட்டணம் கிடையாது, 24 மணி நேரமும் தமிழிலேயே பேசலாம், தேவைப்பட்டால் மனநல மருத்துவருக்கு இணைப்பார்கள்.

தனியாரிடம் போவதாக இருந்தால் நேரம் வாங்கும்போதே சிலவற்றைக் கேட்டுவிடுங்கள். கர்ப்பிணிகளையும் புதுத் தாய்மார்களையும் பார்த்த அனுபவம் உண்டா? குழந்தை பிறந்தபின் மடியில் வைத்துக்கொண்டே பேசலாமா, இடையில் பால் கொடுக்கலாமா? நான் ஊர் மாறினால் போனில் தொடர்வீர்களா? ஒரு சந்திப்புக்கு எவ்வளவு? முதல் சந்திப்பு முக்கால் மணி நேரத்திலிருந்து ஒரு மணி நேரம் வரை ஆகும். பெரும்பகுதி நீங்கள்தான் பேசுவீர்கள். கலைந்துபோன கருவைப் பற்றி அவர் கேட்காவிட்டால் நீங்களே எடுத்துச் சொல்லுங்கள். 'எத்தனை பேர் குழந்தை இல்லாம கோயில் கோயிலா அலையுறாங்க, உனக்கென்ன குறை' என்று ஆரம்பித்தாரானால் அடுத்த ஆளைத் தேடலாம். நான் இதைத் தயங்காமல் சொல்வேன்.

இப்போது நான் அதிகம் கவலைப்படும் விஷயம். கர்ப்பிணிகள் வாரம் ஒரு முறை என்று மூன்று நான்கு வாரம் சிகிச்சைக்கு வருவார்கள், மனம் திறக்கத் தொடங்கும், உடனே வளைகாப்பு. கண்ணாடி வளையலும் ஐந்து வகைச் சாதமுமாகக் கார் ஏறிவிடுவார்கள். பிறகு பிரசவம், மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ திரும்ப வருதல். மனசு அதிகம் தள்ளாடும் அந்த மாதங்களில்தான் சிகிச்சை அறுந்துவிடுகிறது. திரும்பி வந்தவர்களில் சிலர், பாவம், எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது.

பாகிஸ்தானின் ராவல்பிண்டிப் பகுதியில் நடந்த ஒரு பெரிய ஆய்வு 2008-இல் வெளியானது. மனச்சோர்வு இருந்த கர்ப்பிணிகளுக்கு, நம் கிராம சுகாதார செவிலியர்களைப் போன்ற பெண் பணியாளர்கள் வீட்டுக்கே போய்ப் பேச்சுவழி உதவி தந்தார்கள். கர்ப்பத்தின் கடைசி மாதத்தில் வாரம் ஒன்றாகத் தொடங்கி, பிரசவத்தைத் தாண்டி மாதம் ஒன்றாகத் தொடர்ந்தார்கள். குழந்தைக்கு ஆறு மாதம் ஆனபோது, இந்த உதவி கிடைத்த தாய்மார்களில் 23 சதவீதம் பேருக்குத்தான் மனச்சோர்வு மிச்சம் இருந்தது. கிடைக்காதவர்களில் அது 53 சதவீதம். பிரசவத்துக்கு முன்பே தொடங்கி நடுவில் விடாமல் கொண்டுபோனது இதில் பெரிய விஷயம் என்பது என் கருத்து.

ஆகவே வளைகாப்புக்கு முன் திருப்பூரில் இரண்டு சந்திப்பாவது முடித்துவிடுங்கள். அங்கே பார்க்கும் சிகிச்சையாளரிடமே ஒரு பக்கக் குறிப்பு எழுதி வாங்கி, கர்ப்ப காலப் பதிவு அட்டைக்குள் சொருகி வையுங்கள். மதுரையில் நேரில் ஒருவரைப் பார்ப்பதா, இவரிடமே போனில் தொடர்வதா என்று இப்போதே முடிவு செய்துவிடுங்கள். போன் என்றால் தனிமைக்கு இடம் வேண்டும். அம்மா வீட்டில் பிள்ளை பெற்றவளைப் பார்க்க ஆள் வந்துகொண்டே இருப்பார்கள், கதவைச் சாத்தினால் 'என்னாச்சு' என்பார்கள். மத்தியானம் எல்லோரும் கண் அசரும் நேரத்தை வாங்குங்கள். யாராவது உள்ளே வந்துவிட்டால் சிகிச்சையாளருக்குப் புரிய, 'மருந்து சாப்பிட்டாச்சு' என்பது போல ஒரு வாக்கியத்தை முன்பே பேசி வைத்துக்கொள்ளலாம். அம்மாவிடம் எல்லாவற்றையும் விளக்க வேண்டியதில்லை. 'டாக்டர் வாரம் ஒரு தடவை பேசச் சொல்லியிருக்காங்க' என்பதே போதும்.

மாத்திரை பற்றி: எல்லோருக்கும் தேவைப்படாது. பேச்சுவழிச் சிகிச்சையிலேயே பலர் தேறிவிடுகிறார்கள். தேவைப்பட்டால், கர்ப்பத்திலும் தாய்ப்பால் காலத்திலும் மருத்துவர்கள் பல வருடங்களாகக் கொடுத்துவரும் மருந்துகள் உண்டு. மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் கொடுக்கும் செர்ட்ராலின் என்ற மருந்து தாய்ப்பாலில் மிகக் குறைவாகவே கலக்கிறது. வலிப்புக்கும் இருமுனை மனநோய்க்கும் கொடுக்கும் சோடியம் வால்புரோயேட் போலக் கர்ப்பத்தில் தவிர்க்க வேண்டியவையும் உண்டு. கடையில் கேட்டு வாங்குவதும், ஏற்கெனவே சாப்பிடுவதைச் சொல்லாமல் நிறுத்துவதும் இரண்டுமே ஆபத்து. சிகிச்சை இல்லாத மனச்சோர்வும் குழந்தைக்கு நல்லதில்லை என்பதையும் சேர்த்துத்தான் மருத்துவர் எடை போடுவார்.

சொன்னால் குழந்தையைப் பிரித்துவிடுவார்களோ என்ற பயம் நிறையப் பேருக்கு உண்டு. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, தாய் சிகிச்சைக்காகத் தங்க நேர்ந்தாலும் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைச் சாதாரணமாக அவரிடமிருந்து பிரிக்கக் கூடாது. பெங்களூருவில் உள்ள மத்திய அரசின் மனநல மருத்துவமனையான நிமான்ஸில் தாயும் சேயும் சேர்ந்தே தங்கும் மனநலப் பிரிவு 2009 முதல் இருக்கிறது.

உங்கள் கணவரைப் பற்றி நீங்கள் எழுதவே இல்லை. அந்தக் காட்சியைச் சொல்ல முடியாவிட்டால் பரவாயில்லை, தூக்கம் இல்லை என்பதையாவது அவரிடம் சொல்லுங்கள். குழந்தை வந்தபின் இரவில் தொடர்ச்சியாக நான்கைந்து மணி நேரம் நீங்கள் தூங்க வழி செய்ய வேண்டும். ஒரு நேரத்துப் பாலைப் பீய்ச்சி வைத்தால் அதை ஊட்டுவதும், ஏப்பம் விட வைப்பதும், துணி மாற்றுவதும் அவரோ உங்கள் அம்மாவோ செய்யக்கூடியவை. தகப்பனாகும் ஆண்களிலும் பத்தில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது, அவரும் ஒரு சந்திப்புக்கு உங்களோடு வரட்டும்.

இடையில் எந்த இரவிலாவது வாழவே வேண்டாம் என்று தோன்றினால், விடியட்டும் என்று காத்திருக்காமல் பக்கத்தில் இருப்பவரை எழுப்புங்கள், 14416-ஐ அழையுங்கள். அந்த எண்ணை இப்போதே உங்கள் போனிலும் கணவர் போனிலும் அம்மா போனிலும் பதிந்துவிடுங்கள்.